மார்மலேட் போட்ட ரம்

அத்தியாயம் ஆறு

"ஒரு பொம்பள பேரை மாத்திக்கலாம். முடியை வெட்டிக்கலாம். ஊரை விட்டு ஓடி, நடுவுல ஒரு கடலையே போட்டுக்கலாம். ஆனா நாக்கை எங்க கொண்டுபோய் வைப்பா?" என்றேன்.

ஹெஸ்டர் பாஸ்கோ சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் நாக்கை எங்க வைக்கிறதுன்னுதான் நான் இருபது கிலோமீட்டரா யோசிச்சிட்டு வர்றேன், டெஸ்."

மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. டாஸ்மேனியாவின் வடமேற்கு மூலையில் ஜூலை மாதத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? இரண்டு பக்கமும் நனைந்த மாடுகள். அவை எங்களைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

ஹெஸ்டர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. லான்செஸ்டனில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் டெஸ்மண்ட் கில்ஃபாய்ல், அவருடைய ஒரே உதவியாள். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் பார்களில் ஊற்றிக் கொடுத்தவன். குடிப்பதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் விட முடியவில்லை.

இந்த வழக்கில் அந்தப் பேச்சுதான் கை கொடுத்தது. அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் வார்விக் ஸ்டாண்டிஷ் என்பவர் எங்களை ஒரு ஓட்டல் பாரில் சந்தித்தார். பிரிஸ்பேன்காரர். மென்மையான குரல், இஸ்திரி கலையாத சட்டை, வலது கையில் வளைந்துபோன சுண்டு விரல். உட்கார்ந்ததும் பீர் கேட்டார். கூடவே கிளாஸ் நிறைய ஐஸ் கட்டி. என் பத்தொன்பது வருஷத்தில் பீரில் ஐஸ் போடச் சொன்னவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேருக்குப் பல் வலி.

வார்விக் தன் தங்கை லியோனியைத் தேடிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. இப்போது அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கண்ணைத் திறந்தால் மகள் பெயரைத்தான் சொல்கிறாள். லியோனி டாஸ்மேனியாவுக்குக் கப்பலேறியது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லும்போது வார்விக்கின் கண் கலங்கியது. என்னுடையதும்தான்.

"அவளுக்கு ஏதாவது விசேஷப் பழக்கம் உண்டா?" என்று ஹெஸ்டர் கேட்டார்.

"பீரைத் தொடமாட்டா. வைன் வாசனையே ஆகாது. கறுப்பு ரம், அதுல ஜிஞ்சர் பீர்ங்கற இஞ்சி சோடா. எலுமிச்சைக்குப் பதிலா ஒரு ஸ்பூன் ஆரஞ்சு மார்மலேட், கடைசியா ஒரு சிட்டிகை உப்பு. யாரு சிரிச்சாலும் கவலைப்பட மாட்டா."

ரொட்டியில் தடவுகிற மார்மலேட்டை ரம்மில் போடும் பெண். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. மனிதர்கள் மதத்தை மாற்றுவார்கள், கட்சியை மாற்றுவார்கள், மனைவியைக்கூட மாற்றுவார்கள். கிளாஸை மாற்றமாட்டார்கள். ஆறடி உயரத்தில் ஓர் ஆட்டு ரோமம் வெட்டுகிறவர் என் பாருக்கு வருவார். மூலையில் திரும்பி உட்கார்ந்து, செர்ரி மிதக்கும் முட்டை மதுவைத் திருட்டுத்தனமாகக் குடிப்பார். நண்பர்கள் வந்தால் முன்னால் ஒரு பீர் கிளாஸ், வெறும் அலங்காரத்துக்கு. எந்தக் கூட்டத்திலும் அந்த ஆளை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

இரண்டு நாள் போனிலேயே இருந்தேன். வடமேற்குக் கடற்கரை பப்களுக்கெல்லாம் சரக்கு இறக்கும் பழைய நண்பன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஸ்டார்க் கோவ்ல லாஸ்ட் ஆங்கர்னு ஒரு பப். கவுண்டருக்குப் பின்னாடி, ரம் பாட்டில் பக்கத்துல, ஒரு மார்மலேட் ஜாடி. நான் கேக்கலை. பைத்தியத்துக்கிட்ட எதுக்குக் கேள்வி?"

"அவளைப் பாத்துப் பேசற வரைக்கும் வார்விக்குக்கு எதுவும் சொல்லாதே" என்று ஹெஸ்டர் சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன்.

அன்று காலை வழியில் வின்யார்ட் என்ற ஊரில் ஹெஸ்டர் டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது, மனசு கேட்காமல் வார்விக்குக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஸ்டார்க் கோவ், லாஸ்ட் ஆங்கர், கிட்டத்தட்ட உறுதி. வார்விக்கின் அம்மா ஒரு நாள் முன்னால் சந்தோஷப்படட்டுமே என்று நினைத்தேன். பெருமையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அரை நிமிஷத்தில் பதில் வந்தது. 'நன்றி. நாளைக் காலை லான்செஸ்டனிலிருந்து கிளம்புகிறேன்.'

ஹெஸ்டரிடம் நான் சொல்லவில்லை.

ஸ்டார்க் கோவ் என்றால் முப்பது வீடு, ஒரு படகுத்துறை, ஒரு பப். முன்பக்கம் குளம்போல் தண்ணீர் தேங்கியிருந்ததால் பப்பின் பின்னால் கொட்டகை ஓரமாகக் காரை நிறுத்தினோம். மணி பன்னிரண்டரை.

உள்ளே விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் முதலாளி ரோலி, பீப்பாய்க்குச் சட்டை மாட்டியதுபோல. ரம் பாட்டில் பக்கத்தில் மார்மலேட் ஜாடி. அடுப்போரமாக ஒரே ஒரு வாடிக்கையாளர். அவர் கிளாஸில் கறுப்பாக ஒன்று, அடியில் ஆரஞ்சுத் தோல் சுருள்.

எழுபது வயசு ஆம்பிளை.

"உன் லியோனிக்கு நல்லாத் தாடி வளந்திருக்கு" என்றார் ஹெஸ்டர் மெதுவாக.

பெரியவர் பெயர் டன்பாபின். நாற்பது வருஷம் கடலடிப் பாறைகளில் அபலோன் சிப்பி எடுத்தவர். அந்த வேலை அவர் கைகளில் ஒரு நடுக்கத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"வித்தியாசமா இருக்கே, அண்ணே. யாரு கண்டுபிடிச்சது?" என்றேன்.

"நான் இல்லப்பா. போன குளிர்காலத்துல எனக்கு நெஞ்சுச்சளி. மூணு வாரம் படுக்கை. இங்க சமைக்கிற மெரில்தான் தினமும் சாயங்காலம் இதைக் கலந்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா. எழுந்து நடந்ததும் ரோலிகிட்ட வந்து இதையேதான் கேட்டேன். நாக்குல ஒட்டிக்கிச்சு."

"மெரில் இதைக் குடிப்பாங்களா?"

"அவளா? எலுமிச்சை சோடா தவிர ஒண்ணையும் தொட்டு நான் பாத்ததில்ல."

ஹெஸ்டர் என்னைப் பார்த்தார். மெரில்தான் லியோனி. அவளும் என்னைப்போலவே யோசித்திருக்கிறாள். நாக்கு காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்து, பிடித்ததை விட்டிருக்கிறாள். ஒரு நோயாளிக்கு இரக்கப்பட்ட இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள்.

கழிவறையைத் தாண்டிப் போகும் நடையின் கடைசியில் சமையலறை. நாற்பது வயசு இருக்கும் ஒரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒரு வாணலி. ஹெஸ்டர், வார்விக் கொடுத்திருந்த புகைப்படத்தை மேஜையில் வைத்து, "லியோனி, பயப்படாதீங்க. உங்க அண்ணன்தான் எங்களை அனுப்பினார்" என்றார்.

கத்தி நின்றது. ஒரு முகம் அப்படி வெளிறிப்போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உதடுகூட வெளுத்தது.

"எனக்கு அண்ணன் கிடையாது" என்றாள். குரல் காற்றாக வந்தது. "என் கூடப் பொறந்தவங்க யாருமே இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஹெஸ்டர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"ஒரே ஒரு கேள்வி. ரம்ல மார்மலேட் போடறது எப்ப ஆரம்பிச்சது?"

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. இருந்தாலும் பதில் சொன்னாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி. குவின்ஸ்லாந்துல நாங்க இருந்த இடத்துல வெள்ளம். பதினோரு நாள் ரோடு இல்ல. எலுமிச்சை தீந்துபோச்சு, அலமாரில மார்மலேட் இருந்துச்சு."

"அப்ப வீட்ல யாரெல்லாம் இருந்தீங்க?"

"நானும் என் புருஷனும்."

ஹெஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "பன்னெண்டு வருஷமாப் பாக்காத அண்ணனுக்கு மூணு வருஷத்துப் பழக்கம் தெரிஞ்சிருக்கு. நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்."

"அந்த ஆளுக்கு வலது கை சுண்டு விரல் வளைஞ்சிருக்குமா?" என்று லியோனி கேட்டாள்.

"ஆமாங்க" என்றேன்.

"நான் கடிச்சது. கழுத்துல இருந்து கையை எடுக்க வேற வழி தெரியலை." கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். "கோர்ட்டு அவனை என் பக்கத்துல வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. அடுத்த தடவை கோர்ட்டுக்குப் போக நீ இருக்கமாட்டேன்னு அவன் சொல்லியிருக்கான்."

வாணலியில் எண்ணெய் லேசாகச் சத்தம் போட ஆரம்பித்தது. அவள் நறுக்கிய வெங்காயத்தை அதில் தள்ளினாள். கை தன்பாட்டுக்குச் செய்தது என்று நினைக்கிறேன்.

"டெஸ்" என்றார் ஹெஸ்டர், என் பக்கம் திரும்பாமலேயே. "அவனுக்கு ஏதாவது சொன்னியா?"

போனை எடுத்து அந்தச் செய்தியை அவரிடம் காட்டினேன்.

"காலைல. வின்யார்ட்ல. பப் பேரோட."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவரிலிருந்த போனை எடுத்து ஸ்மித்டன் போலீஸைக் கூப்பிட்டார். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

"நாளைக்குத்தான் வர்றேன்னு சொன்னான்" என்றேன்.

"அவன் சொன்னதுல இதுவரைக்கும் எது உண்மை?" என்று கேட்டார் ஹெஸ்டர். "முன்னாடி போய்க் கதவைப் பூட்டச் சொல்லு. நான் இவங்களைக் காருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் ஓட்டமும் நடையுமாக முன்னறைக்கு வந்தேன். ரோலி கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். டன்பாபின் அடுப்போரத்தில். ஜன்னல் பக்கத்து மேஜையில், நாங்கள் வந்தபோது இல்லாத ஒரு கிளாஸ். பாதி பீர். அதில் மூன்று ஐஸ் கட்டி, இன்னும் முனை மழுங்காமல்.

"இது யாரோடது?" என்றேன்.

"இப்பத்தான் வந்தான் ஒருத்தன். பீர்ல ஐஸ் கேக்கறான், என்ன ஜென்மமோ."

"எங்க போனான்?"

"கழிவறைக்கு. நீ வந்த வழிதான். தாண்டித்தானே வந்தே?"

லான்செஸ்டனிலிருந்து கிளம்பியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அவன் லான்செஸ்டனில் இல்லவே இல்லை. காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான்.

நான் நடைக்குள் திரும்பினேன். கழிவறைக் கதவு திறந்தது. கைக்குட்டையால் கையை விரல் விரலாகத் துடைத்தபடி வார்விக் வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால், ஆறு அடி தூரத்தில், சமையலறைக் கதவு. நான் தப்பான பக்கத்தில் நின்றேன்.

"வார்விக், நீங்களா? நாளைக்கு வர்றதாத்தானே சொன்னீங்க?" பார் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன். சமையலறைக்குள் குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"பொறுக்க முடியலை, டெஸ்." சிரித்தான். "எங்க அவ?"

கோபக்காரக் குடிகாரனைப் பத்தொன்பது வருஷம் சமாளித்திருக்கிறேன். இவனுக்குப் போதையும் இல்லை, கோபமும் இல்லை.

"ஏமாந்துட்டோம். அந்த ரம்மைக் குடிக்கறது ஒரு பெரியவர். வாங்க, நீங்களே பாருங்க."

அவன் ஒரு கணம் சமையலறைக் கதவைப் பார்த்தான். பிறகு என் கூட வந்தான்.

"டன்பாபின் அண்ணே, இவர் அந்தப் பொண்ணோட அண்ணன்" என்றேன். "உங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்தவங்க ஊரை விட்டுப் போய்ட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, அதை இவர்கிட்டயும் சொல்லுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனுடைய வளைந்த விரலைப் பார்த்தார். மெரில் அவரிடம் எவ்வளவு சொல்லியிருந்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமா. ரெண்டு குளிர்காலம் ஆச்சு. கிங் தீவுக்குப் படகேறினா. பேருகூட ஞாபகமில்ல."

வார்விக் எதிரே உட்கார்ந்தான். கேட்காமலேயே பெரியவரின் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"உப்பு" என்றான். "முழுங்கினப்புறம்தான் வருது. அவ இப்படித்தான் போடுவா. இதைக் கலந்தது யாரு?"

ரோலியின் துணி நின்றது.

"நான்தான்" என்றார் டன்பாபின். "ரோலி, ஜாடியை எடு."

எங்கள் கண் முன்னால் ரம் ஊற்றினார். ஒரு ஸ்பூன் மார்மலேட், ஜிஞ்சர் பீர். கை நடுங்கியது. அந்தக் கை எப்போதும் நடுங்கும், அதனால் அது பயமா வியாதியா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் உப்புச் சிட்டிகை. வார்விக் அதையும் குடித்துப் பார்த்துவிட்டுச் சரிதான் என்று தலையை ஆட்டினான்.

"கொஞ்சம் வெளிய போய்ப் புகைச்சிட்டு வர்றேன்" என்று டன்பாபின் எழுந்து முன்வாசல் வழியாகப் போனார்.

மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம். போலீஸ் வர இன்னும் அரை மணி. நான் பேச ஆரம்பித்தேன். செர்ரி மிதக்கும் முட்டை மது குடிக்கும் ஆளைப் பற்றிச் சொன்னேன். ரோலியும் புரிந்துகொண்டார். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் பச்சைச் சிப்பியைப் போட்டு விழுங்கும் தன் மச்சானைப் பற்றி ஆரம்பித்தார். வெளியிலிருந்து யாராவது எங்களைக் கேட்டிருந்தால் மூன்று நண்பர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். என் முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஒருத்தர் குடிக்கறதைக் கவனிச்சாப் போதும், அவங்க முழுசா நம்ம கைக்குள்ள வந்துருவாங்க" என்றான் வார்விக். "அவ எத்தனை ஸ்பூன் போடறா, எத்தனை தடவை கலக்கறா, எல்லாம் எனக்குத் தெரியும். பக்கத்து ரூம்ல இருந்தாலும் ஸ்பூன் சத்தத்தை எண்ணுவேன்."

ரோலி சிரிக்க முயன்றார். முடியவில்லை.

டன்பாபின் திரும்பி வந்தார், தோளெல்லாம் நனைந்து. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வெங்காயம் கருகும் வாசனை.

முதலில் லேசாக. பிறகு நடையிலிருந்து நீலப் புகை மெல்ல நுழைந்தது. நாங்கள் மூன்று பேரும் பேசுவதை நிறுத்தினோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

வார்விக் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "உங்க சமையல்காரர் எங்க?" என்றான்.

"அவனா, அவன் இப்படித்தான், உக்காந்தே தூங்கிருவான்" என்றார் ரோலி.

"எழுப்புங்களேன்."

ரோலி அசையவில்லை. வார்விக் நாற்காலியை ஓசையில்லாமல் பின்னால் நகர்த்தினான். நான் குறுக்கே நின்றேன். வீரமெல்லாம் இல்லை, கால் தானாக அங்கே போயிருந்தது. அவன் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, கதவைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டு நடந்தான். நான் சுவரில் மோதிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சமையலறை காலி. பின்கதவு திறந்து கிடந்தது, சாரல் உள்ளே அடித்தது. கொட்டகை ஓரத்தில் எங்கள் கார் இல்லை. வார்விக் அடுப்பை அணைத்தான். ஆணியில் தொங்கிய அவளுடைய மேலங்கியை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான்.

"உன்னை நான் மறக்கமாட்டேன், டெஸ்" என்றான். பிறகு முன்வாசலுக்கு ஓடினான்.

ரோலி அவன் பின்னாலேயே கதவைச் சாத்திப் பூட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவனுடைய காரின் நாலு சக்கரமும் தண்ணீருக்குள் தட்டையாக உட்கார்ந்திருந்தன. டன்பாபின் இடுப்பிலிருந்து சிப்பி நெம்பும் இரும்பை எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்தார்.

வார்விக் காருக்குள் உட்கார்ந்தான். ஓடவில்லை, கத்தவில்லை. போலீஸ் வரும்வரை, பதினாறு நிமிஷம், ஜன்னலில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நகர்ந்திருக்கலாம். நகர்ந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று தெரியாமல் போகுமே என்ற பயத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

கோர்ட்டு உத்தரவை மீறியதற்காக அவனைக் கூட்டிப் போனார்கள். காரைத் திறந்து பார்த்த காவலர் உள்ளே வந்து ஒரு டீ கேட்டார். சின்ன வயசுக்காரர். பின்சீட்டில் அகலமான ஒட்டு நாடா இரண்டு சுருளும், விலைச்சீட்டு கிழிக்காத ஒரு புது மண்வெட்டியும் இருந்ததாகச் சொன்னார். பிறகு டீயைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

டன்பாபின் தன் மேஜைக்குத் திரும்பினார். பாதி கிளாஸ் இன்னும் அங்கேயே இருந்தது. அதை ரோலி பக்கம் தள்ளினார்.

"இனிமே எனக்குப் பீர் குடு" என்றார். "எல்லாரும் குடிக்கற பீர்."

"உங்களுக்குப் பீர் பிடிக்காதே" என்றார் ரோலி.

"பழகிக்கறேன்."

ஐந்தரை மணிக்கு ஹெஸ்டர் கூப்பிட்டார். பின்னணியில் வண்டிகள் ஓடும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம்.

"நல்லா இருக்காங்க" என்றார். "சாப்பிட்டாங்க. ஒரு இடத்துல பத்திரமா விட்டிருக்கேன்."

"எங்க?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

ஹெஸ்டருடன் நாலு வருஷம் வேலை செய்திருக்கிறேன். அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

"உன்கிட்ட சொல்லமாட்டேன், டெஸ்" என்றார்.

"சரி" என்றேன். "சொல்லாதீங்க."